நெடுந்தீவில் நான் இடித்த நகரம்

ஒரு நகரத்தைக் கட்டுவது பெரிய வேலை இல்லை. இடித்துப் போடுவதும் பெரிய வேலை இல்லை. இடித்ததை இடித்தபடியே ஒரு கிழமை வைத்திருப்பதுதான் வேலை. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றபடியால் எனக்குத் தெரிந்திருக்கிறது.

படத்தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னைக் கண்டால், "அண்ணை, உங்கடை காலத்திலை உதெல்லாம் எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்கிறீர்கள். கேட்டுவிட்டு நான் வாய் திறக்க முதல் மணிக்கூட்டைப் பார்க்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் எழும்பிப் போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, நானும் கோபிக்கப்போவதில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து படப்பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடித் தொழிலுக்கு வந்தவன் நான். பிறகு கூடாரத் தியேட்டரில் படம் ஓட்டினேன். அதன் பிறகு, இங்கே எங்கள் ஆட்கள் சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கியபோது, தயாரிப்பு மனேஜர் ஆனேன். பத்து மணிக்கு வந்து நூறு பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்று சொன்னால் பன்னிரண்டு மணிக்கு இலை போட்டிருக்கிறேன். பொலிஸ் உடுப்பு ஐந்து கேட்டார்கள், உடுப்போடு பொலிஸ்காரரையே கூட்டி வந்தேன். என்னால் ஏலாது என்று நான் சொன்னதை நீங்கள் ஒருவரும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஆனால் ஒருமுறை ஒரு நகரத்தையே கைநழுவ விட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பத்துப் பதினொரு வருடம் இருக்கும். ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். கொழும்பில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற இலிகிதர். ஒல்லியான ஆள், கண்ணாடி, கையில் ஒரு கட்டுக் கடதாசி. ஐந்து வருடமாக எழுதிய கதையாம். படமாக எடுக்க வேண்டுமாம், அவனே இயக்கப் போகிறானாம். கதையைச் சொன்னான். பெரிய குண்டு ஒன்று விழுந்து உலகம் அழிந்து போகிறது. நகரம் எல்லாம் கல்லும் சாம்பலும். ஒரு நகரத்தில் ஏழே ஏழு பேர் மிஞ்சுகிறார்கள். அவர்களும் ஒருவரை ஒருவர் நம்பாமல், ஒரு குடம் தண்ணீருக்காக அடிபட்டு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் ஒருவன் மட்டும் இடிந்த தெருவாலே தனியாக நடந்து போகிறான். படம் முடிகிறது.

"தம்பி, காதல் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"பாட்டு?"

"இல்லை."

"அப்ப சனம் என்னத்துக்கு வரப்போகுது?"

"யோசிக்கிறதுக்கு அண்ணை."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் ஏனோ எனக்குப் பிடித்துவிட்டது.

"ஒரு நகரம் வேணும் அண்ணை. முழுக்க இடிஞ்சு கிடக்க வேணும். எனக்கு மூண்டு கிழமைதான் லீவு. லீவு முடியிற அண்டைக்குக் கமராவும் கொழும்புக்குப் போகவேணும், அடுத்த படத்துக்கு ஆரோ கேட்டு வைச்சிருக்கினம்."

இன்னொன்றும் இருந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. பாண் வாங்கவே விடியற்காலையில் பேக்கரி வாசலில் வரிசையில் நின்ற சனம், பிலிம் சுருளுக்கு எங்கே போவது? அங்கே இங்கே கெஞ்சி அவன் சேர்த்து வைத்திருந்த டப்பாக்களுக்கு மேல் ஒரு அடி பிலிமும் கிடையாது. ஒரு காட்சி பிழைத்தால் பிழைத்ததுதான். எனக்கும் ஒரு படத்தின் முழுப் பொறுப்பு கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவனுடைய ஐந்து வருடமும் என்னுடைய பெயரும் அந்த டப்பாக்களுக்குள் இருந்தன.

நான் யோசிக்கவே இல்லை. "நெடுந்தீவு" என்றேன். "தீவுப்பகுதி முழுக்க எனக்கு உள்ளங்கை மாதிரி."

நெடுந்தீவு போனவர்களுக்கு நான் சொன்னதன் காரணம் விளங்கும். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை ஒன்று இடிந்து நிற்கிறது. வாகனச் சத்தம் இல்லை, சுவரொட்டி இல்லை. எல்லாவற்றையும் விட, ஊர் முழுக்க முருகைக்கல் வேலி. கடலில் எடுத்த அந்த வெள்ளைக் கல்லைச் சாந்து இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்றாக நெஞ்சளவுக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வேலியையும் சரித்துவிட்டு இரண்டு யன்னல் சட்டத்தையும் போட்டால், குண்டு விழுந்த தெரு தயார். இது என்னுடைய மூளை. இதை நான் இரவல் வாங்கவில்லை.

சித்திரை கழிந்த கையோடு வள்ளத்தில் போய் இறங்கினோம். லீவு விட்டிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கினோம். கோட்டையில் எடுக்க வேண்டியதை இரண்டு கிழமையில் எடுத்தோம். மிச்சம் இருந்தது ஒழுங்கையில் எடுக்க வேண்டிய கடைசிக் கட்டம்: குடத்துச் சண்டை, ஒவ்வொருவராகச் சாவது, கடைசி நடை.

ஒழுங்கையின் இரண்டு பக்க வளவும் ஒரு அக்காவுடையது. ஐம்பது வயது இருக்கும். பதினொரு ஆடு, நாலு மாடு, கிணற்றடியில் கொஞ்சம் கத்தரி. அவருடைய பெயரை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை, எங்கள் ஆட்கள் 'வேலிக்கார அக்கா' என்றுதான் சொல்லுவார்கள். நான் அனுமதி கேட்கப் போனேன்.

"வேலியை இடிக்கப் போறீரோ? ஏன், அது உமக்கு என்ன செய்தது?"

"படத்துக்கு அக்கா. நாலைஞ்சு நாள்தான்."

"நல்லாயிருக்கிறதை எடுக்கிறதை விட்டிட்டு ஏன் இடிச்சுப் போட்டு எடுக்கிறியள்?"

"கதை அப்பிடி அக்கா. எடுத்து முடிஞ்சதும் ஒரு கல்லும் குறையாமல் நானே அடுக்கித் தருவன். இது என்ரை வாக்கு."

அக்கா என்னுடைய கையைப் பார்த்தார். "நீர் எந்த ஊர்?"

"சுருவில்."

"சுருவிலிலை ஓலை வேலியெல்லோ. உந்தக் கையாலை எப்பவாவது முருகைக்கல்லுத் தூக்கினனீரோ?"

"இந்தக் கை தூக்காத பாரம் இல்லை அக்கா."

"வாய் தூக்குது. அது விளங்குது," என்றார். ஆனால் தலையாட்டிவிட்டார். அன்றே ஆடுகளை எல்லாம் பின்வளவில் கட்டிவைத்துக் குழை வெட்டிப் போடத் தொடங்கினார். எங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை.

மூன்று நாள் இடித்தோம். இடிப்பது என்றால் தள்ளிவிடுவது என்று நினைக்காதீர்கள். குண்டு எந்தப் பக்கம் விழுந்தது, கல் எந்தப் பக்கம் சிதறும் என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கல்லாகப் போட்டேன். ஓலை எரித்துப் புகை பிடித்தேன். விளக்குக் கரி பூசினேன். ஊர்காவற்றுறையிலிருந்து உடைந்த யன்னல்கள், கடைப் பெயர்ப்பலகைகள், துருப்பிடித்த கார்க் கதவு ஒன்று, எல்லாம் வள்ளத்தில் வந்தன. ஒழுங்கை முழுக்கச் சாம்பல். இயக்குநர்த் தம்பி வந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அண்ணை, நான் எழுதேக்கை கண்டது இதுதான்," என்றான்.

நாலாம் நாள் தண்ணீர்க் குடத்துக்காக அடிபடுகிற காட்சியின் முதல் பாதியை எடுத்தோம். கமரா ஒரு பக்கம் பார்த்து நின்றது. மற்றப் பக்கம் பார்த்து அடுத்த நாள் எடுக்க வேண்டும். கதாநாயகன் தபால் கந்தோரில் வேலை செய்கிற பொடியன். கடிதம் கொடுக்கிற மாதிரியே அடிபட்டான். ஆனாலும் காட்சி அருமையாக வந்தது. பொழுதுபட முன்னம் கமராவைப் பெட்டிக்குள் வைத்து, அதன் முக்காலியை மடக்கி, குடையைச் சுருட்டி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். படலையடியில் வேலிக்கார அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு தலையாட்டலோடு அவரைக் கடந்து போனேன். நாளைக்கும் வருவோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய மனேஜர் அல்லவா.

அடுத்த நாள் காலையில் ஒழுங்கைக்கு வந்தோம். அங்கே நகரம் இல்லை.

இரண்டு பக்கமும் வேலி, நெஞ்சளவுக்கு, நூல் பிடித்தது போல நின்றது. மேலே ஆடு ஏறாமல் முள்ளும் வைத்திருந்தார்கள். யன்னல் சட்டங்கள் பெரிது சிறிது பார்த்துச் சுவரோடு சாத்தியிருந்தன. பெயர்ப்பலகைகளைக் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தார்கள். கார்க் கதவு ஒரு பனையோடு கவனமாகக் கட்டியிருந்தது. சாம்பல் முழுவதையும் கூட்டி அள்ளிவிட்டு, ஒழுங்கைக்குச் சாணித் தண்ணீரும் தெளித்திருந்தார்கள். கலியாண வீட்டுத் தெரு போல இருந்தது.

இயக்குநர்த் தம்பி அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். கமராக்காரர் கமராவோடு கொழும்பிலிருந்து வந்த சிங்கள ஐயா, அதிகம் பேசாதவர். அவர் வேலியைத் தடவிப் பார்த்து, "லஸ்ஸனயி," என்றார். வடிவாக இருக்கிறதாம்.

"ஆரண்ணை உதைச் செய்தது?" தம்பி என்னைப் பார்த்துக் கேட்டான்.

இந்த இடத்தில் நான் சொன்னதை நீங்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். என்னுடைய பெயர் போகிறதே என்ற பயத்தில், ஒரு கணமும் யோசிக்காமல், "ஆரோ எரிச்சல் பிடிச்சதுகள் தம்பி. நல்லது நடந்தால் பொறுக்காத சனம்," என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, வேலிக்கார அக்கா தேத்தண்ணிக் கேத்தலோடு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்ன தம்பி, வடிவா வந்திருக்கோ? உம்மடை வாக்கை நாங்கள் காப்பாத்திப் போட்டம்."

நான் கேத்தலை வாங்கிக்கொண்டு நின்றேன்.

"படம் முடியட்டும் எண்டு நாலு நாளாப் பொறுத்துக்கொண்டிருந்தம். நேற்று நீங்கள் சாமானெல்லாம் கட்டிக்கொண்டு போறதைப் பாத்தன். சரி, முடிஞ்சுது போல. விருந்தாளியளைக் கல்லுத் தூக்க விடுறதோ எண்டு நான் தொடங்கினன். பிறகு பாத்தால் நாப்பது பேர்! கிணத்தடிக்குப் போனவை, கோயிலுக்குப் போனவை, விடியக் கடலாலை வந்தவை. நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை. விழுந்து கிடக்கிற கல்லைத் தாண்டிப் போற பழக்கம் இஞ்சை ஒருத்தருக்கும் இல்லைத் தம்பி."

தம்பிமாரே, பிழை அங்கே இருந்தது. நெடுந்தீவில் ஒரு வேலியில் ஒரு கல் விழுந்து கிடந்தால், அது யாருடைய வேலி என்று பார்ப்பதில்லை. அந்த வழியால் போகிறவர் எடுத்து வைத்துவிட்டுத்தான் போவார். ஒரு கல் போனால் அந்த இடைவெளியால் ஆடு போகும், ஆடு போனால் கத்தரி போகும், கத்தரி போனால் இரண்டு வீட்டுக்காரர் ஒரு வருடத்துக்குக் கதைக்கமாட்டார்கள். அதனால் குழந்தைப் பிள்ளையும் வைக்கும், வைத்தியரும் வைப்பார். சுருவிலில் ஓலை வேலிக்குள் வளர்ந்த எனக்கு இது தெரியாது. கமரா ஓடும்போது கிட்ட வராதேங்கோ என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தேன். கல்லைத் தொடாதேங்கோ என்று சொல்லவில்லை. தீவுப்பகுதி எனக்கு உள்ளங்கை மாதிரி என்று சொன்ன வாய் இது.

இயக்குநர்த் தம்பி என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனான். "அண்ணை, ரெண்டு டப்பா பிலிம்தான் கிடக்கு. நாளண்டைக்கு விடிய வள்ளம். சோளகக் காத்து எழும்புது, அதை விட்டால் எப்ப வள்ளம் போகுமெண்டு தெரியாது எண்டு ஓட்டியே சொல்லிப்போட்டான். போய்ச் சொல்லுங்கோ. திரும்ப இடிக்க வேணும்."

பின்னாலே வந்த கமராக்காரர் தலையை ஆட்டினார். "இடிக்கலாம். ஆனா நேத்து எந்தக் கல்லு எங்க இருந்தது? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கும் தெரியாது. மூன்று நாள் பார்த்துப் பார்த்துப் போட்ட கல்லை இரண்டு மணித்தியாலத்தில் தள்ளிவிட்டால் அது வேறு நகரமாக இருக்கும். நேற்று எடுத்ததோடு ஒட்டாது. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. நான் அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா குசினி வாசலில் கூழுக்கு ஒடியல் மா கரைத்துக்கொண்டிருந்தார். படம் முடிந்த சந்தோசத்துக்கு எங்கள் எல்லாருக்கும் கூழாம். "இரும் தம்பி," என்று கதிரையைக் காட்டினார். அப்போதுதான் அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். முருகைக்கல் வாள் மாதிரி வெட்டும். இரண்டு கையிலும் கோடு கோடாக வெட்டு. மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார். நாற்பது வீட்டிலும் அன்றைக்கு மஞ்சள் அரைத்திருப்பார்கள்.

திரும்ப இடிக்கவேணும் என்று கேட்க வந்தவன் கேட்காமல் கதிரையில் இருந்தேன்.

"என்ன, முகம் கறுத்துக் கிடக்கு? வேலி பிழைச்சுப் போச்சோ?"

"இல்லை அக்கா... வேலி நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினை." எல்லாவற்றையும் சொன்னேன். சனத்தைப் பற்றி நான் தம்பிக்குச் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கையைப் பார்த்தபடி மறைக்க ஏலவில்லை.

அக்கா கோபிக்கவில்லை. மாவைக் கரைத்தபடி கேட்டார்: "அப்பிடி என்ன கதை அது? ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லையே."

சொன்னேன். குண்டு, சாம்பல், ஏழு பேர், தண்ணீர்க் குடம், ஒருவன் மிஞ்ச மற்ற எல்லாரும் சாவது.

"அந்த ஏழு பேரும் அந்தத் தெருவாலைதான் நெடுகப் போய் வருகினமோ?"

"ஓம்."

"எவ்வளவு நாளா?"

"படத்திலை ஒரு வருசம் அக்கா."

அக்கா கரண்டியை நிறுத்தினார். "ஒரு வருசமாப் போய் வருகினம். ஒருத்தர் ஒரு கல்லைத் தூக்கி வைக்கேல்லை. உதென்ன சனம் தம்பி? குண்டாலை சாகேல்லை எண்டாலும் உதுகள் சாகும்தானே."

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். கூழ் குடிக்காமலே ஓடினேன். அக்கா வீட்டிலிருந்து ஒழுங்கைக்கு இருநூறு யார் தூரம் இருக்கும். அந்த இருநூறு யாருக்குள் அந்த யோசனை என்னுடையதாக மாறிவிட்டது.

"தம்பி, எனக்கொரு யோசனை வந்திருக்கு!" என்றேன். "ஒருத்தரும் சாக வேண்டாம். கடைசியிலை வேலி அடுக்கட்டும்."

"அண்ணை, விசர்க்கதை கதைக்காதேங்கோ. சாகிறதுதான் கதை."

"சாகிறதுக்கு நேற்றைய தெரு வேணும், அது இல்லை. அடுக்கிறதுக்கு இண்டைய தெரு கிடக்கு."

"ஐஞ்சு வருசமா எழுதினனான் அண்ணை!"

"ஐஞ்சு வருசத்திலை ஒருநாளாவது உந்த ஏழு பேரும் தெருவிலை என்ன செய்தவை எண்டு யோசிச்சனீரோ? ஒரு வருசமா ஒருத்தரும் ஒரு கல்லைக் குனிஞ்சு எடுக்கேல்லையோ?"

அவன் வேலியோரமாக நடந்தான். போனவன் ஒரு இடத்தில் நின்று அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் போனேன். எங்கள் கரி பூசிய கற்கள் வேலிக்குள் அங்கங்கே இருந்தன. வெள்ளைக் கல், வெள்ளைக் கல், நடுவே ஒரு கறுத்த கல். மற்ற எல்லாவற்றையும் கழுவித் துடைத்த சனம், கல்லை மட்டும் கழுவாமல் அடுக்கியிருந்தது. எரிந்து போன ஒரு ஊரை யாரோ திரும்பக் கட்டிய மாதிரி இருந்தது. நான் மூன்று நாள் முறிந்து செய்ததை விட அது உண்மையாக இருந்தது.

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ஏழு பேராலை இவ்வளவு வேலி அடுக்க ஏலாது அண்ணை."

"ஏழு பேர் தொடங்கட்டும். பிறகு பார்த்தால் நாப்பது பேர்," என்றேன். அதுவும் அக்காவின் வசனம்தான்.

அன்று பின்னேரம் முழுக்க அவன் கோட்டைச் சுவரில் ஏறி இருந்து புதிதாக எழுதினான். அடுத்த நாள், அதாவது கடைசி நாள், காலையில் பத்து யார் நீளத்துக்கு மட்டும் வேலியை இடித்தோம். இந்த முறை ஒவ்வொரு வீடாகப் போய், என்ன கதை, ஏன் இடிக்கிறோம், எப்போது அடுக்க வேண்டும் என்று நானே சொன்னேன். "கமரா ஓடத் தொடங்கினாப் பிறகு அடுக்குங்கோ. அதுக்கு முதல் ஒரு கல்லையும் தொடாதேங்கோ." நாற்பது பேர், மஞ்சள் பூசிய கையோடு, விழுந்த கல்லுக்குப் பக்கத்தில் சும்மா நின்றார்கள். அவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது. ஒரு கிழவரின் கை இரண்டு தரம் கீழே போய்த் திரும்பி வந்தது.

ஒத்திகை இல்லை. ஒத்திகை பார்த்தால் வேலி முடிந்துவிடும். கமரா ஓடியது. கதாநாயகப் பொடியன் குனிந்து முதல் கல்லை எடுத்து வைத்தான். பிறகு மற்ற ஆறு பேர். பிறகு ஊர்ச் சனம் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தது. நடிப்பு ஒன்றும் இல்லை. தினமும் செய்கிற வேலையைச் செய்தார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பொடியன் ஒரு கல்லை நீட்டுப்பாட்டுக்கு வைத்தான். பக்கத்தில் நின்ற வேலிக்கார அக்காவுக்குக் கமரா மறந்துவிட்டது. அவனுடைய கையிலிருந்து கல்லைப் பறித்தார்.

"உப்பிடி வைச்சால் ஆடு ஏறும்! எத்தினை தரம் சொல்லுறது? குறுக்கை வையும்!"

வைத்துக் காட்டினார். பொடியன் மூன்று கிழமையில் முதல் தடவையாக உண்மையான முகத்தோடு, "சரி அக்கா," என்றான்.

நான் காட்சி பிழைத்தது என்று நிறுத்தக் கையைத் தூக்கினேன். கமராக்காரர் கண்ணைக் கமராவிலிருந்து எடுக்கவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, என்னைப் பார்க்காமலே, 'பொறு' என்று காட்டினார். என் கை கீழே வந்தது. கடைசிக் கல் ஏறிய பிறகும் கமரா கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு உள்ளே பிலிம் முடிந்து வால் அடிக்கிற சத்தம் கேட்டது. கடைசி டப்பாவும் காலி.

அடுத்த நாள் விடிய வள்ளம் ஏறினோம். சோளகத்தில் எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். தம்பி மட்டும் டப்பாக்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தபடி இருந்தான்.

படம் யாழ்ப்பாணத்தில் ஒன்பது நாள் ஓடியது. சிரிக்காதீர்கள். காதலும் பாட்டும் இல்லாமல் ஒன்பது நாள். பார்த்தவர்கள் எல்லாரும் கடைசிக் காட்சியைப் பற்றித்தான் கதைத்தார்கள். படத்தின் தொடக்கத்தில், தம்பி நன்றியோடு போட்டிருந்தான்: 'இறுதிக் காட்சி யோசனை' என்று, கீழே என்னுடைய பெயர். முழுத் திரையில், தனியாக. முதல் நாள் முதல் காட்சியில் அதைப் பார்த்து நான் கை தட்டினேன். என் பெயருக்கு நானே.

அடுத்த வருடம் நெடுந்தீவுச் சனத்துக்குப் படத்தைக் காட்டவேண்டும் என்று தம்பி கேட்டான். நானே புரொஜெக்டரையும் ஜெனரேற்றரையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட முற்றத்தில் வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டினோம். பொழுது பட்டதும் ஊர் முழுக்க வந்து பாய் விரித்து இருந்தது. முன் வரிசையில் வேலிக்கார அக்கா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் ஓட்டப் போகிறவன் நான். இன்னும் இரண்டு நிமிடத்தில், இந்த மனுசிக்கு முன்னால், என்னுடைய பெயர் முழுத் திரையில் வரப்போகிறது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடலாமோ என்றுகூடக் கையில் கத்தரிக்கோலைப் பிடித்துப் பார்த்தேன். பிறகு போய் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அக்கா, ஒரு பிழை நடந்து போச்சு. அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் சொன்னதெண்டு சொல்லிப்போட்டன். படத்திலை என்ரை பேர் வரும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் என்ன சொன்னனான்?"

"உதென்ன சனம், ஒரு கல்லும் தூக்கி வைக்கேல்லை எண்டு."

"உதையோ? உதை இஞ்சை ஆரும் சொல்லுவினமே தம்பி. போய்ப் படத்தைப் போடும், பிள்ளையள் நித்திரை கொள்ளப் போகுதுகள்."

அவ்வளவுதான். மன்னித்தது மாதிரியும் இல்லை, மன்னிக்காதது மாதிரியும் இல்லை. மன்னிக்க ஒன்றும் இருந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அதுதான் இன்னும் குத்துகிறது.

படம் ஓடியது. உலகம் அழிந்தது, ஒருவரும் கவலைப்படவில்லை. தண்ணீர்க் குடத்துக்கு அடிபட்டார்கள், சனம் சிரித்தது. கடைசிக் காட்சி வந்ததும் முற்றம் முழுக்க எழும்பி நின்றது. "அது என்ரை கல்லு!" "உந்தா, எங்கடை அண்ணையின்ரை கை!" அந்தக் காலத்தில் குரல் எல்லாம் பிறகு கொழும்பில்தான் பதிவது. அக்காவைக் கூப்பிட்டோம், "ஆட்டை ஆர் பாக்கிறது?" என்று வரமறுத்துவிட்டார். அவருடைய குரலுக்கு வேறொருவரைப் பேசவைக்கத் தம்பிக்கு மனம் வரவில்லை. அதனால் அந்த இடத்தில் அக்காவின் வாய் மட்டும் அசையும். பின்னால் காற்றுச் சத்தம் இருக்கும்.

திரையில் அக்கா பொடியனின் கையிலிருந்து கல்லைப் பறித்தார். வாய் அசைந்தது. காற்று வீசியது.

முன் வரிசையிலிருந்து அக்கா சத்தமாகச் சொன்னார்:

"உப்பிடி வைச்சால் ஆடு ஏறும்!"

அந்தப் படத்தின் அந்த வசனத்தை, அதைச் சொன்னவருடைய குரலில் கேட்டவர்கள் அந்த முற்றத்தில் இருந்தவர்கள் மட்டும்தான். நான் புரொஜெக்டருக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, கமராவை மூடினால் நாளைக்கும் வருவோம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு மூடுங்கள். நெருக்கடியில் வாயில் வருகிற முதல் வார்த்தையை விழுங்குங்கள். நிறுத்தச் சொல்லிக் கை எழும்பினால், கமராக்காரரின் கையைப் பாருங்கள். இதெல்லாம் சின்ன விசயங்கள், நீங்களாகவே படித்துக்கொள்வீர்கள். பெயர்த் துண்டு எழுதும்போது மட்டும் ஒருமுறை நின்று யோசியுங்கள். பிலிமில் ஒட்டிய பெயரைப் பிறகு எடுக்க ஏலாது. அந்தப் படத்தின் பிரதி இப்போது ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்கிறார்கள். இருந்தாலும் பிழை பிழைதான். கல் விழுந்து கிடப்பதைத் தெரிந்துகொண்டு தாண்டித் தாண்டிப் போக என்னால் இனி ஏலாது. எடுத்து வைக்கிறேன்.

இறுதிக் காட்சி யோசனை: பறுவதம், நெடுந்தீவு.